நரம்பில்லாத யாழ்

முன்னொரு காலத்தில், செவிடர்களைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்ட ஒரு நாடு இருந்தது. அதற்குக் காரணம் அந்த நாட்டு மன்னன் மகரகேது. அரசாட்சியில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஏரி வெட்டினான், திருடனைப் பிடித்தான், வரியையும் அளவாகத்தான் வாங்கினான். ஆனால் யாழ் வாசித்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவையைக் கூட்டி, ஏழு நரம்பு யாழை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை வாசிப்பான். சுருதி ஒரு பக்கம் போகும், தாளம் ஒரு பக்கம் போகும், மன்னன் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு போவான்.

அவையோருக்கு வயிறு என்று ஒன்று இருந்ததே! அதனால் "ஆகா, அபாரம்" என்று தலையை ஆட்டினார்கள். அவைப் பண்டிதர் வாமதேவரும் இசையாசிரியர் கந்தர்வசேனரும் ஆட்டிய ஆட்டத்தைப் பார்த்தால் பூம்பூம் மாடு தோற்றுவிடும். அவை விகடகவி அந்துவன் மட்டும் ஆட்டமாட்டான். மன்னன் கேட்டால், "நானும் ஆட்டினால் அந்தக் காற்றில் இந்த மண்டபத்தில் ஒரு விளக்கும் நிற்காது, மன்னா" என்பான். மன்னன் சிரித்துவிடுவான். பண்டிதருக்கும் ஆசிரியருக்கும் அந்தச் சிரிப்பு கண்ணில் விழுந்த தூசு போல உறுத்தியது.

ஒருநாள் ஊருக்கு வெளியே இருந்த புத்த விகாரையிலிருந்து குணபாலத் தேரர் என்ற மூத்த துறவி அவைக்கு வந்தார். விகாரையின் கூரை ஒழுகியது, நாலு ஓடு கேட்கலாம் என்று வந்தவர். அவர் வாய் திறப்பதற்குள் மன்னன் யாழை எடுத்துவிட்டான். முதல் நரம்பு முனகியதும் தேரர் எழுந்தார், வணங்கினார், வாசலைப் பார்த்து நடந்தார்.

மன்னன் முகத்தில் ஈயாடவில்லை. "நில்லும்! என் இசை அவ்வளவு கேவலமா?"

"இல்லை அரசே. நல்ல இசை, கெட்ட இசை என்று நாங்கள் பார்ப்பதில்லை. ஆடலும் பாடலும் வாத்தியமும் எங்களுக்கு விலக்கு. அது நாங்கள் ஏற்ற ஒழுக்க விதிகளில் ஏழாவது சீலம். இனிய ஒலியில் மனம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்த்து எடுப்பதே எங்கள் வேலை."

வாமதேவர் மேலாடையை உதறிக்கொண்டு எழுந்தார். இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தானே அவர் நெய்ச்சோறு தின்று காத்திருந்தார்!

"கேட்டீர்களா, மன்னா? எங்கள் ஈசன் கையில் வீணை. கண்ணன் வாயில் குழல். கலைமகளுக்கு மடி நிறைய வாத்தியம். பாட்டில்லாமல் எங்கள் கோயிலில் விளக்குகூட ஏற்றமாட்டார்கள். நாதமே பரம்பொருள்! உங்கள் பெருமான் கையில் என்ன இருக்கிறது? ஒரு காலித் திருவோடு!"

"காலியாக இருந்தால்தான் அதில் சோறு விழும், பண்டிதரே" என்றார் தேரர். "ஒலி தோன்றுகிறது, மறைகிறது. மறைந்துபோகிற ஒன்றை நாங்கள் பரம்பொருள் என்று சொல்வதில்லை."

"மறைவது மீட்டி எழுப்பும் ஒலி. அது கீழான நாதம்! யாரும் மீட்டாமலே எழும் அநாகத நாதம் ஒன்று இருக்கிறது. அதுதான் மேலானது. பக்குவப்பட்ட காதுக்கு மட்டுமே அது கேட்கும். எனக்குத் தினமும் கேட்கிறது!"

அவை ஆர்ப்பரித்தது. பாதிப் பேருக்கு எதைப் பற்றிப் பேச்சு என்றே தெரியாது. பண்டிதர் உரக்கப் பேசினார் என்பது தெரிந்தது, போதும்.

கந்தர்வசேனர் மன்னனின் காதருகே குனிந்தார். "வரும் பௌர்ணமியன்று இந்தத் தேரர் தங்கள் வாசிப்பை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்கட்டும். மறுத்தால் விகாரையை இடித்து அங்கே இசை மண்டபம் கட்டுவோம்." வாமதேவர் அதற்கு வால் ஒன்று ஒட்டினார்: "கேட்க வைக்கும் பொறுப்பு அந்துவனுடையது. முடியாவிட்டால் அவனைக் கழுதைமேல் ஏற்றி எல்லையில் விட்டுவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் மன்னன். ஆனால் துறவியின் சாபத்துக்கு அவனுக்குப் பயம். "தேரரின் சீலமும் கெடக்கூடாது, அந்துவா. கெட்டாலும் உனக்குக் கழுதைதான்."

மறுநாள் அந்துவன் விகாரைக்குப் போனான். உள்ளே பத்து இடத்தில் ஒழுகியது. பத்து இடத்திலும் பானை வைத்திருந்தார்கள்.

"என்ன சாமி செய்யப் போறீங்க?"

"மழைக்காலம் மூன்று மாதமும் ஓரிடத்தில் தங்குவது எங்கள் முறை. இடித்துவிட்டால் மரத்தடிதான். எனக்குக் கவலையில்லை. உள்ளே நோயாளிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் இந்த மழையைத் தாங்கமாட்டார்கள்." இதைச் சொல்லும்போது தேரரின் குரல் இறங்கியது. பற்றை விட்டவர்தான், ஆனாலும் இறங்கியது. அந்துவன் நிறைந்த பானை ஒன்றை வெளியே ஊற்றிவிட்டு வந்தான்.

"சாமி, நரம்பை அவுத்துட்டா யாழ் என்ன ஆகும்?"

"மரக்கட்டை ஆகும்."

"மரக்கட்டைக்கு முன்னால உக்காந்தா சீலம் கெடுமா?"

தேரர் யோசித்தார். "கெடாது. ஆனால் அரசர் மரக்கட்டையை வாசிப்பாரா?"

"அவரை வாசிக்க வைக்க நம்ம பண்டிதர் இருக்காரே!" என்றான் அந்துவன்.

பௌர்ணமி வந்தது. அவை நிரம்பியிருந்தது. தேரர் கீழே பாய்மேல் அமர்ந்திருந்தார். அந்துவன் பட்டுத்துணி மூடிய யாழை மன்னன் மடியில் வைத்துத் துணியை விலக்கினான். ஏழு நரம்பில் ஒன்றுகூட இல்லை.

"என்ன இது?" என்று மன்னன் சீறினான்.

"மன்னா, மீட்டி எழுவது கீழான நாதம், மீட்டாமல் எழுவதே மேலானது என்று பண்டிதர் இதே இடத்தில் சொன்னார். தங்கள் விரலுக்குக் கீழான நாதம் தகுமா? பண்டிதரே, சொன்னீரா, இல்லையா?"

வாமதேவர் மேலாடையைச் சரிசெய்துகொண்டார். "சொன்னேன்."

"உம் காது பக்குவப்பட்டதுதானே?"

இல்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? "பக்குவப்பட்டதுதான்" என்றார்.

மன்னனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பரம்பொருளையே வாசிக்கப் போகிறோம் என்ற பெருமையில் கண்ணை மூடிக்கொண்டான். விரல்கள் வெறுங்காற்றில் ஓடின. அவையோர் பண்டிதரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வாமதேவரின் தலை அசைந்தது. பண்டிதருக்குக் கேட்கிறது, ஆசிரியருக்குக் கேட்காமல் இருக்குமா? கந்தர்வசேனர் "ஆகா!" என்றார். ஆசிரியருக்கே கேட்டால் சேனாபதிக்குக் கேட்காதா? அவர் தொடையில் தாளம் போட்டார். அவர் போட்டது ஒரு தாளம், பக்கத்திலிருந்தவர் போட்டது வேறு. வாமதேவர் கண்ணீரே விட்டார். வெட்கங்கெட்ட கூட்டம்!

மன்னன் வாசித்து முடித்ததும் அந்துவன் கைகூப்பினான். "மன்னா, என் காது இன்னும் பழுக்கவில்லை. தாங்கள் வாசித்தது என்ன பண் என்று இவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் காதில் சொல்லட்டும்."

கந்தர்வசேனர் குனிந்து, "செவ்வழிப் பண், மன்னா. உருக்கிவிட்டீர்கள்" என்றார். வாமதேவர், "குறிஞ்சிப் பண். மலையே கண்முன் வந்தது" என்றார். சேனாபதி, "போர்ப்பாட்டு, மன்னா. கை வாளைத் தேடியது" என்றார். மன்னனின் புருவம் ஒவ்வொரு பதிலுக்கும் ஏறியது.

"தேரரே, உமக்கு என்ன கேட்டது?"

"கூரைமேல் ஓர் அணில் ஓடியது. சேனாபதியின் வயிறு இருமுறை இரைந்தது. பண்டிதர் மூக்கை உறிஞ்சினார். யாழ் ஒலி கேட்கவில்லை, அரசே."

மன்னன் மடியிலிருந்த மரக்கட்டையைப் பார்த்தான். அவையைப் பார்த்தான். "அப்படியானால், இத்தனை வருடமாக நான் நரம்போடு வாசித்தபோது..."

அந்துவன்தான் சொன்னான்: "அப்போதும் இதே தலைகள்தான் ஆடின, மன்னா."

மன்னன் முகம் சிவந்தது. கழுதைக்குச் சொல்லியனுப்பப் போகிறான் என்று கந்தர்வசேனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் மன்னன் சிரித்தான். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க.

"தேரர் கடைசிவரை இருந்தார், சீலமும் கெடவில்லை. விகாரை நிற்கட்டும். அரண்மனைச் செலவில் இன்றே ஓடு மாற்றுங்கள்! பண்டிதரே, ஆசிரியரே, நரம்பில்லாமலே இவ்வளவு உருகினீர்களே! நாளை முதல் நரம்பு கட்டி உங்கள் இருவருக்காகவே வாசிக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு, பொழுது சாயும்வரை!"

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அந்துவன் கழுத்தில் போட்டான். "வேறு என்ன வேண்டும், கேள்."

"தேரரின் ஏழாவது சீலத்தை நானும் ஏற்க அனுமதி வேண்டும், மன்னா."

மன்னன் மறுபடி சிரிக்கத் தொடங்கி, இருமி, தண்ணீர் குடித்துவிட்டு அனுமதி கொடுத்தான்.

செய்தி அன்றைக்கே ஊரெல்லாம் பரவியது. மறுநாள் காலை விகாரை வாசலிலிருந்து ஊர் எல்லைவரை வரிசை. விசிறி வீசுகிறவர்கள், வாயிற்காவலர்கள், வெற்றிலை மடிக்கிறவர்கள், அரண்மனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

"சாமி, அந்த ஏழாவது மட்டும் குடுங்க."

"பொய் சொல்லாமை, கள் உண்ணாமை எல்லாம்?" என்று கேட்டார் தேரர்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சாமி. மத்தியானத்துக்குள்ள ஏழாவதக் குடுங்க!"

வரிசையின் கடைசியில் முக்காடு போட்டுக்கொண்டு இருவர் நின்றார்கள்.

"ஓய் வாமதேவரே, நாதம்தான் பரம்பொருள்னு அன்னிக்கு அந்தக் கத்து கத்தினீரே?" என்றது ஒரு முக்காடு.

"பரம்பொருள்தான் ஓய், யார் இல்லேன்னா?" என்றது மற்றொன்று. "ஆனா அதை அவர் வாசிக்கிறாரே!"