சின்ன டீச்சர்

“எப்படி எழுதினாலும் பழி என் தலையிலதான் விடியப்போகுது, சிஸ்டர். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்.”

கோமளவல்லி டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கன்னியர் மடத்துச் சமையற்கட்டு வாசலில் நின்றபடியே கொட்டிவிட்டார்.

பிரகாசி சிஸ்டர் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“வாம்மா. முதல்ல தண்ணி குடி.”

டீச்சருக்கு வயது ஐம்பத்தாறு. ஐந்து வகுப்புகளும் இரண்டே ஆசிரியர்களும் உள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. நடுவில் இரண்டு ஊர் மாற்றலாகிப் போய், சுற்றிச் சுற்றி அதே பள்ளிக்கே வந்து சேர்ந்தவர். அந்த ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் தனக்கு ஆசிரியப் பயிற்சி கொடுத்த இந்த சிஸ்டர் முன்னால் நின்றால் மட்டும் அவருக்குப் பதினெட்டு வயதாகிவிடும்.

தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

“நாலாம் வகுப்புல நிறைமதின்னு ஒரு புள்ள. ஆறாம் வகுப்புக் கணக்கை விளையாட்டாப் போடுது. அவங்க அப்பன் டபுள் புரமோஷன் கேக்குறான். அஞ்சாம் வகுப்பே வேண்டாமாம். நேரா ஆறாம் வகுப்பு, டவுன் பள்ளிக்கூடத்துல.”

“நல்லதுதானே?”

“நல்லதா கெட்டதான்னு கல்வி அதிகாரி என்னை எழுதித் தரச் சொல்லிட்டாரு. நான் எழுதுறதுதான் அந்தப் புள்ளையோட தலையெழுத்து. திங்கக்கிழமை குடுக்கணும்.”

“பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசினியா?”

“பேசினேன். ஏண்டா கூப்பிட்டோம்னு ஆயிருச்சு.”

கூட்டம் என்றால் கூட்டம், சந்தைக்கடை தோற்றுவிடும். அவன் மகளுக்குத்தான் மூளை, எங்கள் பிள்ளைகள் தலையில் களிமண்ணா என்று ஒருவர் எகிறினார். சின்னப் பிள்ளையைப் பெரிய பிள்ளைகள் நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தால் மிரண்டுவிடும் என்றார் இன்னொருவர். கவருமெண்டு பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் இந்தப் பேச்சே வராது என்று மூன்றாமவர் ஆரம்பிக்க, உதவி ஆசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசியில் பவுனம்மா எழுந்தாள். அவளுடைய மகன் மூன்றாம் வகுப்பு.

“அந்தப் புள்ள போயிட்டா எம் மவனுக்கு யாரு வாய்ப்பாடு சொல்லிக்குடுப்பா?”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அதைச் சொல்லும்போது இப்போதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

சிஸ்டர் சிரிக்கவில்லை.

“எதுக்குச் சிரிச்சீங்க?”

“இல்ல சிஸ்டர், நிறைமதிய நாங்க சின்ன டீச்சர்னுதான் கூப்பிடுவோம். எனக்கு வருகை விவரத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலையிலேயே பாதி நாள் போயிருது. அந்த நேரம் மூணாம் வகுப்பை அவ பாத்துக்குவா. எள்ளுன்னா எண்ணெயா நிப்பா.”

“அப்பன்காரன் என்ன சொன்னான்?”

“அவனா? பின்னால நின்னுக்கிட்டிருந்தான். கூட்டம் முடியுறப்ப ஒரே வார்த்தை. ‘என் மகளை இங்க வச்சிருக்க மாட்டேன்.’ அவனும் எங்கிட்டப் படிச்சவன்தான் சிஸ்டர். வேல்ராசு. என்ன மூளைங்குறீங்க! அப்ப அவன்தான் எங்க சின்ன வாத்தியார். நாலாம் வகுப்பு, அஞ்சாம் வகுப்பு, ரெண்டு வருசமும் நான் ரிஜிஸ்டர் எழுதுறப்ப அவன்தான் வகுப்பைக் கட்டிப்போடுவான்.”

“இப்ப என்ன பண்றான்?”

“பஞ்சர் கடை. எட்டாவதோட நின்னுட்டான். படிப்புல ருசி போயிருச்சுன்னு சொன்னாங்க. ஏன்னுதான் தெரியல.”

சிஸ்டர் ஒரு கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

“நீ என்ன எழுதலாம்னு இருக்கே?”

“வேண்டாம்னுதான். வயசுக்கேத்த வகுப்புதானே நல்லது? ஆனா மனசு ஒப்பல. அதான் ரெண்டு பஸ் மாறி உங்ககிட்ட கேக்க வந்தேன்.”

“சொல்றேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு.”

சிஸ்டர் குரல் கொடுத்தார். மடத்து விடுதியில் தங்கிப் படிக்கும் நாலு வாண்டுகள் சிலேட்டோடு ஓடி வந்தன. ஆனா ஆவன்னா எழுதத் தடுமாறும் வயசு.

“இதுகளுக்குக் கொஞ்சம் எழுதச் சொல்லிக்குடு.”

டீச்சருக்கா தெரியாது? கையைப் பிடித்து எழுத வைத்தார். பாட்டுக் கட்டிப் பாடினார். ஒருத்தியின் மூக்கைச் சிந்திவிட்டார். முக்கால் மணி நேரத்தில் நாலும் ஈனா வரைக்கும் வந்துவிட்டன.

“முடிஞ்சது சிஸ்டர். இப்ப சொல்லுங்க.”

“அடேயப்பா, என்ன அழகாச் சொல்லிக்குடுக்குற! இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. ஒரு எட்டு அவங்களையும் பாத்துரு.”

அந்த ஐந்து பேரும் வந்தார்கள். மறுபடி ஆனா, ஆவன்னா. சிஸ்டர் தன் பாட்டுக்குப் புளியில் ஆழ்ந்துவிட்டார். டீச்சர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் சிஸ்டர் கையால் சைகை காட்டினார், அப்புறம் என்று.

நாலரை மணி பஸ்ஸுக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது.

“சிஸ்டர், நான் கேட்டது?”

“எனக்கு ஒரு கூடை புளி முடிஞ்சிருச்சு. எல்லாம் உன்னாலதான். நாளைக்கும் வர்றியா?”

“நாளைக்கா?”

“ஆமா. நீ இருந்தா எனக்குக் கவலையே இல்ல.”

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த இடத்தில் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

“நான் என்ன சொல்லிக்குடுக்கவா வந்தேன்?”

சிஸ்டர் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார்.

“பின்னே எதுக்கு வந்தே?”

“தெரிஞ்சுக்கத்தானே வந்தேன், சிஸ்டர்!”



 சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

“வேல்ராசு எதுக்கு வந்தான்?”

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். 

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். வேல்ராசுக்குத் தான் சொல்லிக்கொடுத்த பாடம் என்று ஒன்றாவது நினைவுக்கு வருகிறதா என்று தேடிப் பார்த்தார். அவன் பலகையில் எழுதியது நினைவிருந்தது. அவன் மற்ற பிள்ளைகளை அதட்டியது நினைவிருந்தது. பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரி அவன் முதுகில் தட்டியபோது தனக்கு வந்த பெருமையும் நன்றாகவே நினைவிருந்தது.

இரண்டாவது பஸ் ஏறிய பிறகுதான் அது வந்தது.

நாலாம் வகுப்பில் ஒரு நாள் மேசையோரம் வந்து நின்றான். வருகைப் பதிவேட்டில் அவர் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எத்தனை நம்பர் இருக்கு?”

அவர் நிமிரவில்லை.

“அப்புறம் சொல்றேன் ராசா. நீ போய் மூணாம் வகுப்பைப் பாத்துக்க.”

பையன் போனான். மூணாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டான். அந்த அப்புறம் வரவே இல்லை. அவனும் அதற்கப்புறம் மேசைப் பக்கம் எதையும் கேட்டு வரவில்லை. கேட்காத பிள்ளை சமர்த்துப் பிள்ளை என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். அந்த வருடத்து நற்சான்றிதழில் அப்படியே எழுதியும் கொடுத்தார்.

பஸ்ஸில் ஆள் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினார். பஞ்சர் கடை அங்கேதான் இருந்தது.

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்த வேல்ராசு எழுந்து நின்றான். கையைத் துடைத்து, ஸ்டூலையும் துடைத்துப் போட்டான்.

“வாங்க டீச்சர். எழுதிட்டீங்களா?”

“இன்னும் இல்லப்பா. அதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு பேசணும்.”

“வேண்டாம்னு எழுதப் போறீங்களா?”

“அது இல்ல வேலு. நீ நாலாம் வகுப்புல எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டே. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எத்தனை நம்பர்னு. நான் அப்புறம் சொல்றேன்னேன். சொல்லவே இல்ல.”

அவன் யோசித்தான். டியூபிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“கேட்டேனா? எனக்கு ஞாபகமே இல்லையே டீச்சர்.”

“கேட்டே. தப்பு எம்மேலதான். இப்ப சொல்லத்தான் வந்தேன்.”

அவன் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது.

“நம்ம பாப்பாகூடப் போன வாரம் இதே மாதிரிதான் ஒண்ணு கேட்டுச்சு. எனக்கு எங்க தெரியும்? டீச்சரைக் கேளுன்னு அனுப்பிவிட்டேன்.”



“கேட்டாளா?”

“கேட்டுச்சாம்.”

குறையாகச் சொல்லவில்லை. டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சொன்னான்.

“அப்புறம் சொல்றேன், நீ போய் மூணாம் வகுப்பைப் பாத்துக்கன்னீங்களாம்.”