மாக்கல்லில் தீட்டிய கத்தி

வைத்தியம் கற்க வந்த ஏகாம்பரம் குருவைவிட வயதில் மூத்தவர். அரிசி மண்டியை மகனிடம் விட்டுவிட்டு, இனி எந்த உயிருக்கும் நோகாமல் வாழ்வது என்று கிளம்பி வந்தவர். அப்படிப்பட்டவர் போன வாரம் ஒருவருடைய கட்டியைக் கீறியபோது, அந்த ஆள் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று வண்டிக்காரர் வீரபாகு பிடரியில் கட்டியோடு வந்து உட்கார்ந்ததும், ஏகாம்பரம் குரு தையல்நாயகியிடம் போய் நின்றார்.

"அம்மா, நான் ஊருக்கே போயிடறேன். என் கை கொடுமையான கை. இதை வெச்சுக்கிட்டு யாருக்கு வைத்தியம் பார்க்கறது?"

"உங்க கத்தியைக் கொண்டாங்கண்ணே."

கெட்டியான எஃகுக் கத்தி. முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அவ்வளவு பளபளப்பு. குரு அதைத் தன் முன்கையில் ஓட்டிப் பார்த்தார். ஒரு மயிர்கூட விழவில்லை.

"எதுல தீட்டறீங்க?"

"மாக்கல்லுல. சட்டி கடையற மெதுவான கல்லு. தினமும் தீட்டறேன்."

"சாணைக்கல் இருக்கே?"

"அது சொரசொரன்னு இருக்கும்மா. நல்ல கத்தியைக் கீறிடும். மனசு வரல."

"மாக்கல்லுல தேய்க்கும்போது தண்ணி என்ன நிறமா வரும்?"

ஏகாம்பரம் யோசித்தார். "வெள்ளையா."

"அப்ப தேஞ்சது எது?"

"கல்லுதான்" என்றார் அவர். இத்தனை நாளும் கல்லைத்தான் தேய்த்திருக்கிறார், பாவம்.

குரு கத்தியையும் சாணைக்கல்லையும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். முதல் இழுப்பில் ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். பளபளப்பெல்லாம் போய்க் கத்தி முழுக்கக் கீறல். தண்ணீர் கறுப்பாக ஓடியது. அந்தக் கீறல்கள் மறையும்வரை நைசான கல். கடைசியில் தோல் வாரில் நாலு இழுப்பு. இப்போது முன்கையில் தொட்டதும் மயிர் உதிர்ந்தது.

கத்தியைக் கொதிநீரில் கழுவிக்கொண்டு ஏகாம்பரம் வீரபாகுவின் பின்னால் போய் நின்றார். போன வாரத்துக் கூச்சல் காதில் ஒலித்தது. ஆனாலும் கத்தியை வைத்தார். ஒரே கீறல், சீழ் வெளியே வந்துவிட்டது.

வீரபாகு பல்லைக் கடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "சட்டுனு கீறிடுங்கய்யா. காத்துக்கிட்டு இருக்கறதுதான் தாங்கல."

"கீறியாச்சுப்பா."

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரமாக நெஞ்சை அழுத்தியது சட்டென்று இறங்கியது. குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, அப்ப என் கை?"

"கழுவிட்டு வாங்கண்ணே. வெளியில இன்னொருத்தர் உட்காந்திருக்கார்."