செம்பியின் நாட்குறிப்பு

அந்தக் காலத்தில், மலையடிவாரத்துக் காட்டு மிருகங்கள் வாய்விட்டுப் பேசின, வாக்குக் கொடுத்தன, வாக்குத் தவறவும் பழகியிருந்தன. ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஓடைகள் எல்லாம் வற்றி, காட்டுக்கே ஒரே ஒரு மடுதான் மிச்சம். அந்த மடுவுக்காகப் புலியும் மான்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மூன்று நாள் மான்கள் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாம். நான்காம் நாள் புலியின் முறை. அன்றைக்கு மடுப்பக்கம் எது வந்தாலும் அது புலிக்குச் சொந்தம்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நாள்களை யார் எண்ணுவது? பச்சைப் புல்லைக் கண்டால் மான்களுக்கு நேற்று நடந்ததே மறந்துபோகும். "நான் எண்ணிக்கிடுதேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றது புலி. மான்களும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டிவிட்டன. இதைவிட ஒரு முட்டாள்தனம் இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த மந்தையில் மறதி இல்லாதவளாக, செம்பி என்று ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் காலையில் அவள் தங்கச்சி மடுவில் வாய் வைத்தாள். வைத்த வாயை எடுப்பதற்குள் புலி பாய்ந்துவிட்டது.

"ஐயா, இன்னைக்கு மூணாவது நாளு! எங்க நாளு!" என்று கத்தினாள் செம்பி.

"நாலாவது நாளு. ஒனக்கு எண்ணத் தெரியலன்னா நான் என்ன செய்ய?" என்றது புலி.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் செம்பியால் பொறுக்க முடியவில்லை. மந்தை மொத்தமும் தலையைக் குனிந்து, "நாங்கதான் தப்பா எண்ணிட்டோம் ஐயா, மனசுல வச்சுக்கிடாதிய" என்று புலியிடம் மன்னிப்புக் கேட்டது. செத்தது அவர்கள் வீட்டுப் பெண். மன்னிப்புக் கேட்டதும் அவர்களே. செம்பிக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. இனி நாள்களை நானே குறித்து வைப்பேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

குறிப்பதற்குக் கை வேண்டுமே! அவளுக்கு இருந்தது குளம்பு. அதனால் மரத்தின் மேல் இருந்த கருங்குரங்கு கொப்பனிடம் போனாள். அவன் சோம்பேறிதான், ஆனால் நல்லவன்.

"கொப்பண்ணே, எங்க நாளுக்கு ஒரு புள்ளி. புலி முறைக்கு ஒண்ணும் வேண்டாம், இடத்தை வெறுமனே விட்டுரு. வேற ஒண்ணும் எழுத வேண்டாம்."

"அது கெடக்கட்டும், எதுல வைக்கச் சொல்லுத?"

அதுதான் பெரிய பாடாகிவிட்டது. இன்றைக்குக் கடையில் நோட்டு வாங்கப் போகிறவர்கள் தாளைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, புரட்டிப் புரட்டிப் பார்த்துக் கடைக்காரரின் பொறுமையைச் சோதிக்கிறார்களே, அதற்கெல்லாம் மூத்தவள் செம்பி. முதலில் தேக்கிலையைப் பார்த்தாள். அகலமான இலை, முகத்தைவிடப் பெரிசு. ஆனால் கொப்பன் குத்திய முள் பட்ட இடமெல்லாம் சிவப்புச் சாறு ஊறி, எது புள்ளி, எது கறை என்றே தெரியவில்லை. பனையோலை கெட்டியாகத்தான் இருந்தது, புள்ளி வைத்தால் பொத்துக்கொண்டு கிழிந்தது. பாறையில் வைத்தால் நிற்கும். ஆனால் மந்தை புல் தேடிப் போகிற இடத்துக்கெல்லாம் பாறை கூடவே வருமா?

கடைசியில், கூட வராவிட்டாலும் தண்ணீருக்கு வரும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று மடுக்கரை மருத மரத்தைப் பிடித்தாள். வெளுத்த, வழுவழுப்பான பட்டை. மான்களின் நாள் ஒவ்வொன்றுக்கும் கொப்பன் ஒரு புள்ளி வைத்தான். மூன்று புள்ளி, ஓர் இடைவெளி, மூன்று புள்ளி, ஓர் இடைவெளி. பன்னிரண்டு நாள் போயிற்று. அடுத்து இரண்டு புள்ளிகள்தான் வைத்திருந்தார்கள். அதற்கு மறுநாள் புலி "என் முறை" என்று மடுவில் வந்து நின்றது.

"மரத்தைப் பாரும்" என்றாள் செம்பி. "ரெண்டு புள்ளிதான் இருக்கு. இன்னைக்கும் எங்க நாளு."

புலி பார்த்தது. எண்ணியும் பார்த்தது. பிறகு பின்னங்காலில் நிமிர்ந்து, பட்டையை மேலிருந்து கீழ்வரைக்கும் நகத்தால் பிய்த்துப் போட்டது.

"எங்க இருக்கு புள்ளி? காட்டு பாப்போம்" என்றது. "இந்தக் காட்டுல இனி ஒருத்தரும் எதையும் குறிச்சு வைக்கக் கூடாது. எண்ணுததுக்கு நான் இருக்கேன்."

மான்கள் சிதறி ஓடின. ஓடிய இடத்தில் நின்று, "ஒன்னாலதான் அவருக்குக் கோவம். இந்த வேலையை விட்டுரு தாயீ" என்று செம்பியையே ஏசின. அவள் நேராகக் கொப்பனின் மரத்தடிக்குப் போய், முதுகைக் காட்டி நின்றாள்.

"இதுல வையி."

கொப்பன் பதறிவிட்டான். "கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? தோல்ல மண்ணு நிக்காது, சாறு நிக்காது. நிக்கணும்னா கள்ளிப்பாலுதான் வைக்கணும். வெந்துரும் ஏளா!"

"வேகட்டும். கிழியாது, நனைஞ்சா போவாது, நான் போற எடத்துக்கெல்லாம் கூடவே வரும். இதைவிட நல்ல ஏடு எங்க கெடைக்கும்?"

"புலி கண்ணுல படுமே?"

"படணும்ணே. அதுக்குத்தான்."

கொப்பன் முள்ளைக் கள்ளிப்பாலில் தொட்டு வைத்தான். ரோமம் பொசுங்கித் தோல் வெந்தது. செம்பி பல்லைக் கடித்துக்கொண்டாள், ஆனால் முதுகை நகர்த்தவில்லை. புண் ஆறிய இடத்தில் ரோமம் வெள்ளையாக முளைத்தது. இப்படி முதுகிலிருந்து விலா வரைக்கும் மூன்று நாளைக்கு ஒரு வரிசை, நடுவில் இடைவெளி. அவள் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் மற்ற மான்கள் பின்னால் நின்று அந்த முதுகைப் பார்த்தன. எண்ணியும் பார்த்தன.

ஒரு மூன்றாம் நாள் காலை, புலி வழக்கம்போல நடுவழியில் நிமிர்ந்து நடந்து வந்தது.

"இன்னைக்கு என் முறை."

செம்பி ஓடவில்லை. விலாவைப் புலிக்குக் காட்டிக் குறுக்கே நின்றாள். பயம் இருக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். ஆனால் கால் நகரவில்லை.

"எண்ணும்" என்றாள்.

புலி எண்ணியது. உறுமியது. "குறிச்சு வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்லா?"

"சொன்னீரு. நான் கேக்கல."

"ஒன்னைத் தின்னா இந்தப் புள்ளியும் போச்சு."

"தின்னும். தோலை எங்க கொண்டுபோய் ஒளிப்பீரு? எங்க நாள்ல என்னை அடிச்சீருன்னு அது சொல்லும்."

புலி பாய்வதற்குப் பதுங்கியது. அப்போது பின்னாலிருந்து ஒரு கிழப் பெண்மான் வந்து செம்பியின் பக்கத்தில் நின்றது. முன்பு எல்லோருக்கும் முந்திக்கொண்டு புலியிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான். அதன் விலாவில் அதே புள்ளிகள், சில இன்னும் ஆறாத புண்.

"என் மேலயும் இருக்கு, பாரும்" என்றது.

அடுத்து இன்னொன்று வந்தது. அப்புறம் நாலைந்து சேர்ந்து வந்தன. கொப்பன் எத்தனை காலையில் யாருக்கும் சொல்லாமல் எத்தனை முதுகில் கள்ளிப்பால் வைத்திருந்தான் என்பது செம்பிக்கே தெரியாது. மடுக்கரை முழுக்கப் புள்ளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் புலிக்குத் தன் பொய்தான் தெரிந்தது. ஒன்றை அடிக்கலாம், அத்தனையையும் அடிக்க முடியுமா? ஒரு மானும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒன்றும் ஓடவில்லை. புலி தண்ணீரில் வாய்கூட வைக்காமல், வந்த வழியை விட்டுவிட்டுப் புதருக்குள் நுழைந்துகொண்டது.

அன்று முதல்தான் மான்குட்டிகள் பிறக்கும்போதே முதுகு நிறையப் புள்ளிகளோடு பிறக்கின்றன. காட்டுக்கே ராஜா என்று சொல்லிக்கொள்ளும் புலியோ, அந்தப் புள்ளிகளுக்கு எதிரே நேராக வர முகமில்லாமல் பம்மிப் பம்மி வருகிறது.