வீட்டுப் பெர்மிட்

இருட்டிய பிறகு, சிங்கப்பூரில் சொக்கலிங்கத்தின் சாப்பாட்டுக்கடை ஷட்டரை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. வெளிநாட்டு ஆட்களின் வேலைப் பெர்மிட்டைச் சோதிக்கிற அதிகாரியம்மா வந்து நின்றார்.

உள்ளே மாவரைத்துக்கொண்டிருந்த நாகப்பட்டினத்துப் பிலோமினா கிரைண்டரை நிறுத்தினாள். மற்ற வேலையாட்களுக்குக் கடைப் பெர்மிட். அவளுக்கு மட்டும் வீட்டு வேலைப் பெர்மிட். கடையில் ஒரு டம்ளர்கூடக் கழுவக் கூடாது. பிடிபட்டால் ஊர்தான். ஊரில் அவள் குழந்தை சாப்பிடுவதே இந்தச் சம்பளத்தில்.

"நீ செய்யறது வீட்டு வேலைதான்னு அந்தம்மாவை நம்ப வை புள்ள. இல்லே, நாளைக்கே பிளேன் ஏத்திடுவேன்" என்று பல்லைக் கடித்த சொக்கலிங்கம், அதிகாரியிடம் இளித்தார். "எனக்குக் கடையும் வீடும் ஒண்ணுதான் மேடம்."

"இங்கே உங்களுக்கு என்னம்மா வேலை?" என்றார் அதிகாரி.

"வீட்டு வேலைதான் மேடம். முதலாளி பொய் சொல்லலே, இது வீடுதான். எட்டு மாசமா அந்த அரிசி மூட்டைக்குப் பின்னாலதான் படுக்கிறேன். பாயைக் காட்டட்டுமா?"

பாயைப் பார்த்ததும் அதிகாரி முதலாளியின் பெயரை எழுதிக்கொண்டார். வீட்டு வேலைக்கு வந்த ஆளைக் கடையில் தங்கவைப்பது அங்கே குற்றம்.

பிலோமினாவின் பெர்மிட்டும் ரத்தாயிற்று. விசாரணை முடியும்வரை காப்பகம், அப்புறம் விமானம். குழந்தைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் கதவே கிடையாது; காப்பகத்து அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. சத்தமில்லாமல் அதைப் போட்டுக்கொண்டு படுத்தாள்.