கிழக்கில் வெந்த முட்டை

பறவைகள் வாய்விட்டுப் பேசி, வாய்கிழியச் சண்டையும் போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உலகம் முழுவதற்கும் ஒரே ஒரு சேவல்தான் கூவும். மற்ற ஊர்ச் சேவல்கள் வாயைத் திறக்கக் கூடாது. இப்படி ஒரு சட்டத்தை எந்தப் புண்ணியவான் போட்டானோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். இருக்கட்டும், கதைக்கு வருகிறேன்.

முந்தி எழுந்தவர்கள் குளத்துத் தண்ணீரைக் கலக்கிவிடுகிறார்கள் என்று ஒரு சமயம் பெரிய தகராறு வந்தது. உடனே பறவைகள் எல்லாம் கூடி, இனி எல்லாரும் ஒரே நேரத்தில்தான் எழ வேண்டும், ஒரே நேரத்தில்தான் தண்ணீரைத் தொட வேண்டும் என்று முடிவு செய்தன. நேரத்தைச் சொல்ல ஒரு பெரிய குரல் வேண்டுமே? மேற்குக் கடைசியில் பெருங்கொண்டையன் என்று ஒரு சேவல் இருந்தான். அவன் தொண்டைதான் பெரிய தொண்டை. அவனையே வைத்துவிட்டார்கள்.

அவன் கூவியதும் பக்கத்து மரத்துக் காகம் அதை அடுத்த மரத்துக்குச் சொல்லும். அது அதற்கடுத்த மரத்துக்கு. இப்படியே மரத்துக்கு மரம் தாவி, கண் மூடித் திறப்பதற்குள் கூவல் கிழக்குக் கடைசிக்குப் போய்விடும். காதில் விழுந்ததை அப்படியே சொல்ல வேண்டும், யோசிக்கக் கூடாது. காகங்களுக்கு அதுதான் உத்தரவு.

மேற்கில் எந்தக் குறையும் இல்லை. வானம் வெளுக்கும், அவன் கூவுவான், எல்லாரும் குளிர்ந்த தண்ணீரில் அலகை நனைப்பார்கள். கிழக்கில்? அங்கே சூரியன் எப்போதோ வந்திருக்கும். உச்சி வெயிலுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் கூவல் வரும். அதுவரை குளத்தைப் பார்த்துக்கொண்டே நா வறண்டு கிடக்க வேண்டும். ‘சேவல் தூங்கித் தொலைக்கிறான்’ என்று கிழக்கில் திட்டினார்கள். ‘தண்ணீரை முந்திக் குடிக்கப் பொய் சொல்கிறார்கள்’ என்று மேற்கில் சிரித்தார்கள். விடியல் எல்லாருக்கும் ஒன்று என்றுதான் இரண்டு பக்கமும் நினைத்திருந்தார்கள். ஒருவரும் தன் ஊரைத் தாண்டிப் போய்ப் பார்த்ததில்லை.

கிழக்குக் குளத்தங்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவியும் அவள் புருஷனும் இருந்தார்கள். ஆள்காட்டி கூடு கட்டாது. வெட்டவெளியில் கல்லோடு கல்லாக முட்டையிடும். வெயில் ஏறினால் ஓடிப்போய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, முட்டைமேல் உட்கார்ந்து குளிர வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முட்டை வெந்துபோகும். அந்தக் கோடையில் அவள் நான்கு முட்டை இட்டிருந்தாள்.

முதல் நாள் வெயில் ஏறியதும் அவள் குளத்துக்கு ஓடினாள். காவலுக்கு நின்ற கொக்கு குறுக்கே காலை வைத்தது.

“கூவல் வரலை. தண்ணியைத் தொடக் கூடாது.”

“வெயில் மண்டையைப் பொளக்குது, கண்ணு தெரியலையா உனக்கு?”

“கண்ணு நல்லாத் தெரியுது. காதுலதான் கூவல் விழலை.”

“குடிக்கக் கேக்கலைய்யா! வயித்தை நனைச்சுக்கிட்டு ஓடிப் போயிடறேன். பிள்ளைங்க வெந்துரும்.”

“உனக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க.”

ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அந்தப் பாவி நகரவே இல்லை. கூவல் வந்து அவள் நனைந்து திரும்பியபோது ஒரு முட்டை வெந்திருந்தது. மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் அவளும் புருஷனும் மாறி மாறிச் சிறகை விரித்து நிழல் காட்டினார்கள். தரை கொதித்தால் நிழல் என்ன செய்யும்? மூன்றாவதும் வெந்துவிட்டது.

அவள் அழவில்லை. வெந்த முட்டையைக் காலில் எடுத்து வயிற்று இறகோடு இறுக்கிக்கொண்டாள்.

“எங்க புள்ள போற?” என்றான் புருஷன்.

“அந்தத் தூங்குமூஞ்சியைப் பாக்கப் போறேன். மிச்சம் இருக்கிற ஒண்ணையாவது பாத்துக்க. சிறகை மடக்கினேன்னு கேள்விப்பட்டேன், உன்னையும் சும்மா விட மாட்டேன்.”

மேற்கே பறந்தாள். கோபத்தில் பறந்த பறப்பு அது, எங்கும் இறங்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் முதுகில் வெயில் குறைந்தது. இன்னும் போனபோது கீழே நிழல்கள் நீண்டு கிடந்தன. திரும்பிப் பார்த்தாள். மேலே ஏற வேண்டிய சூரியன் பின்னால் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அது மறைந்தே போனது. மேற்குக் கடைசியில் அவள் போய் இறங்கியபோது கும்மிருட்டு. பெருங்கொண்டையன் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இவன் சோம்பேறி இல்லை. இவன் ஊரில் உண்மையாகவே இன்னும் விடியவில்லை. ஆனாலும் கோபம் தணியவில்லை, கூடத்தான் செய்தது.

“எழுந்திருடா!” என்று ஒரு கத்துக் கத்தினாள். சேவலும் எழுந்தான், பக்கத்தில் படுத்திருந்த கருங்கோழியும் எழுந்தாள்.

“யாரது நடுச்சாமத்துல?” என்றான் சேவல்.

“எங்க ஊர்ல பட்டப்பகல். வெயில்ல என் பிள்ளைங்க மூணு பேர் வெந்துட்டாங்க, நீ கூவறதுக்குக் காத்திருந்து!”

“பகலா? வெளியில பாரு. கிழக்குக்காரங்க புளுகு இருக்கே, அடேயப்பா!”

அவள் முட்டையை அவன் முன்னால் வைத்தாள். “தொட்டுப் பாரு. இருட்டுல வெந்த முட்டை எங்கயாவது உண்டா?”

“உன் வயித்துச் சூடு அது,” என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கருங்கோழி முன்னால் வந்தாள். முட்டையை மெல்ல உருட்டினாள். முட்டை ஓட்டில் ஓர் இடத்தைக் கொத்திப் பார்த்தாள். உள்ளே கெட்டியாக இறுகியிருந்தது.

“வயித்துச் சூட்டுல குஞ்சு வருமே தவிர முட்டை வேகாது. பன்னெண்டு தடவை அடைக்கு உக்காந்தவ சொல்றேன், இது வெயில்ல வெந்தது.” பிறகு ஆள்காட்டியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “தாயி, உங்க ஊர்ல இப்ப பொழுது என்ன?”

இத்தனை காலத்தில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதே இல்லை. ஆள்காட்டிக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

“நல்லா வெயில் ஏறிடுச்சு அக்கா. இன்னும் ஒரு முட்டை இருக்கு.”

“கேட்டியா?” என்று கருங்கோழி சேவலிடம் திரும்பினாள். “அவங்க ஊர் வெயிலு வேற, நம்ம ஊர் வெயிலு வேற. இப்பவே கூவு. தண்ணியைத் தொடட்டும்.”

“இப்பக் கூவினா நம்ம ஆளுங்க இருட்டுல எழுந்து முட்டிக்குவாங்க.”

“அப்ப அவங்க ஊர்ச் சேவலைக் கூவச் சொல்லு.”

“ஊருக்கு ஒரு சேவல் கூவினா என் மரியாதை என்ன ஆகிறது? நான் கூவினாத்தான் பொழுது!” என்று கொண்டையைச் சிலுப்பினான். பார்த்தீர்களா? பிள்ளை வெந்து கிடக்கிறது, இவனுக்கு மரியாதை கேட்கிறது. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆள்காட்டி விருட்டென்று பறந்து, பக்கத்து மரத்தில் தூங்கிய முதல் காகத்தின் காதருகே போய், தொண்டை கிழியக் கத்தினாள்.

“இனி எவனுக்காகவும் காத்திருக்காதீங்க! உங்க ஊர்ல வெளிச்சம் வந்தா உங்க ஊர்ச் சேவல் கூவட்டும்! தண்ணியைத் தொடுங்க!”

காகம் திடுக்கிட்டு விழித்தது. இது சேவலின் குரல்தானா என்று அது யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்பதுதானே உத்தரவு! காதில் விழுந்ததை அப்படியே அடுத்த மரத்துக்குச் சொன்னது. அதுவும் சொன்னது. “ஐயோ, சொல்லாதே, நிறுத்து!” என்று சேவல் பின்னாலேயே கத்தினான். காகங்கள் அதையும் அப்படியே சொல்லிக்கொண்டு போயின. ஆனால் முதல் செய்தி முன்னால் போய்விட்டது.

கிழக்குக் கடைசியில், பிறந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு சேவல் தலையைத் தூக்கி வெயிலைப் பார்த்து, கரகரத்த தொண்டையில் கூவியது. கொக்கு காலை எடுத்தது. ஆள்காட்டியின் புருஷன் ஒரே ஓட்டமாக ஓடி, தண்ணீரில் வயிற்றை முக்கி, சொட்டச் சொட்டத் திரும்பிவந்து நான்காவது முட்டைமேல் உட்கார்ந்தான். அது வேகவில்லை. எட்டாம் நாள் குஞ்சு வெளியே வந்தது.

மற்ற மூன்றும் போனது போனதுதான். ஆள்காட்டி யாரையும் மன்னிக்கவில்லை. எவன் பக்கத்தில் வந்தாலும் சட்டம் பேசத்தான் வருகிறான் என்று இன்றைக்கும் பகலும் இரவும் கத்திக்கொண்டே இருக்கிறாள்.

ஊருக்கு ஊர் சேவல் தன் சூரியனைப் பார்த்துக் கூவுவது அன்றைக்குத் தொடங்கியதுதான். நாமும் கடல் தாண்டி இருக்கிற பிள்ளையோடு பேசும்போது, சாப்பிட்டாயா என்பதற்கும் முன்னால், “அங்க இப்ப மணி என்ன?” என்று கேட்கிறோமே, அதுவும் அன்று முதல்தான். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்குள் மூன்று முட்டை வெந்துபோனது.