கண்ணாடிக் குஞ்சுகள்

அந்தக் காலத்தில் மீனும் மனிதரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவே ஓர் ஆறு என்று ஒரு நாடு இருந்தது. மலைக்காரர்கள் தேனும் மிளகும் எடுத்தார்கள். நடுநாட்டார் நெல் விளைத்தார்கள். கடற்கரையார் உப்பு விளைத்தார்கள். ஒருவர் பொருளை மற்றவர் தின்றார்களே தவிர, விற்க வருகிறவர்கள் போக ஒருவர் ஊரை மற்றவர் எட்டிப் பார்த்ததில்லை.

மலையில் நஞ்சி என்றொருத்தி தேன் எடுத்துப் பிழைத்தாள். அவளுடைய ஒரே மகள் மருதி, உப்பு விற்க வந்தவனோடு சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். அன்றோடு மலைக்காரர்கள் உப்புக்காரர்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். நஞ்சி ஏழு வருஷம் மகள் பேரை வாயில் எடுக்கவில்லை. எட்டாவது வருஷம் அந்தக் கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. மகளைப் பார்க்காமலே கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம்தான் மிச்சம் இருந்தது.

ஆனால் மலையில் ஒரு வழக்கம். சொல்லாமல் போனவள் தானாகத் திரும்பி ஏறக் கூடாது. தாய்தான் போய் அழைத்து வர வேண்டும். அந்தத் தாயும், மகள் வீட்டிலிருந்து ஒரு பொருள் அழைப்பாக வராமல் அவள் வாசலை மிதிக்கக் கூடாது. வெறும் வாய்வார்த்தை அழைப்பாகாது.

நஞ்சி சுனைக்குப் போனாள். விலாங்கு அப்போது மலைச்சுனையிலேயே பிறந்து, அங்கேயே குஞ்சு பொரித்து வாழ்ந்த மீன்.

"கீழே போயி எம் மவளைப் பாரு. ஆத்தாளுக்குக் கோவம் இல்லைன்னு சொல்லு. கூப்பிட்டா வந்துருவேன்னு சொல்லு."

"அவ்வளவு தூரம் நான் போனதில்லையே ஆத்தா."

"நானுந்தான் போனதில்ல. தண்ணி போகுதுல்ல, அதோட போ."

விலாங்கு போனது. அருவியில் விழுந்து, தேக்கங்காட்டைத் தாண்டி, வயல்வெளிக்குள் நுழைந்தது. ஏரிகளைப் பார்த்தது. அவற்றை வெட்டிய ராஜாக்களின் பேர் ஊராருக்கு மறந்துவிட்டது. மடையைத் திறக்கும் முறை மட்டும் மறக்கவில்லை. தறி ஓடும் தெருக்களையும், அறுவடைக்குக் கும்மியடிக்கும் பெண்களையும், துறைமுகத்தில் நம் மிளகை ஏற்றிக்கொண்டு போகும் அந்நியக் கப்பல்களையும் பார்த்தது. அந்த நாட்டை முழுசாகப் பார்த்தது அது ஒன்றுதான்.

மருதி இடுப்பில் பிள்ளையோடு உப்பளத்தில் நின்றாள். செய்தி கேட்டதும் உட்கார்ந்து அழுதாள்.

"அம்மாவ உடனே வரச் சொல்லு," என்று ஒரு பெரிய உப்புக் கட்டியை அதன் வாயில் வைத்தாள்.

கடற்கரையில் யாரையும் உப்பு கொடுத்துத்தான் அழைப்பார்கள். உப்பிலேயே பிழைக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை ஏது? தண்ணீரில் போகிற மீனிடம் அதைக் கொடுக்கிறோமே என்று அவளுக்கும் தோன்றவில்லை. ஊர் திரும்பும் ஆசையில் இந்த அசட்டு மீனுக்கும் தோன்றவில்லை.

அருவியடியில் காத்திருந்த நஞ்சியிடம் விலாங்கு வந்தபோது அதன் வாய் காலியாக இருந்தது.

"வரச் சொன்னா ஆத்தா. உனக்கு ஒரு பேரன் இருக்கான்."

"பொருள் எங்க?"

"உப்பு குடுத்தா. கரைஞ்சு போச்சு. வாயில விரல வச்சுப் பாரு, இன்னும் கரிக்கும்."

நஞ்சி விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். வெறும் ஆற்றுத் தண்ணீர்தான்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுற," என்றாள். "அவ கூப்பிடலைன்னா கூப்பிடலைன்னே சொல்லியிருக்கலாம்."

 கரையாத பொருளாக வாங்கி வருகிறேன் என்று விலாங்கு அப்போதே திரும்பியது. அது போய்ச் சேர்வதற்குள் உப்பளத்தைக் கடல் கொண்டுபோயிருந்தது. மருதியின் குடும்பம் எந்தக் கரைக்குப் பெயர்ந்தது என்று சொல்ல ஆளில்லை. தேடித் தேடி விலாங்குக்கு வயதாகிவிட்டது. எதிர்நீச்சல் போட உடம்பில் தெம்பில்லை. கடலிலேயே முட்டையிட்டது. குஞ்சுகளை அழைத்துச் சொன்னது:

"மேலே ஒரு ஆத்தா காத்திருப்பா. அவள மக கூப்பிட்டது நெசம். ஆனா நீங்க சொன்னா நம்ப மாட்டா. எதையோ மறைக்கிறீங்கன்னு நெனைப்பா."

குஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஆற்றைத் தேடிப் புறப்பட்டன.

அன்று முதல்தான், வயதான விலாங்கு ஆற்றை விட்டுக் கடலுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. அதன் குஞ்சுகள் மட்டும், எதையும் மறைக்கவில்லை என்று நஞ்சி நம்ப வேண்டுமே என்பதற்காக, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும் கண்ணாடி உடம்போடு ஆற்றுக்குள் ஏறி வருகின்றன.