ஏற்றத்தில் நிற்கும் வண்டி

தாண்டவராயன் புது மோட்டார் சைக்கிள் எடுத்த அன்று, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு நேராக மடத்துக்குத்தான் ஓட்டி வந்தார்.

சாந்தலிங்க சாமி வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். முன்விளக்குக்கு மேலே விபூதி பூசினார்.

"நல்லா ஓடட்டும்."

சாமியின் வாக்கு பலித்தது. சமதளத்தில் மட்டும்.

மடம் மலையடிவாரத்தில் இருந்தது. வியாழக்கிழமைகளில் ஜனங்கள் வருவார்கள். வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் சாமியிடம் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி, ஆளுக்கொரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவார்கள். சாமிக்கு நாற்பது வயது. தாண்டவராயனுக்கு ஐம்பத்திரண்டு. வயதில் பெரியவர் கீழே உட்காருவதும் சின்னவர் மணையில் உட்காருவதும் அங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அரசாங்கத் தாளில் தாண்டவராயன் கால்நடை உதவியாளர். மலைமேல் கொட்டாய் என்று சொல்லப்படும் பதினாறு சிற்றூர்களிலும் அவர்தான் மாட்டு டாக்டர்.

அவர் மடத்துக்கு வரத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. முதல் தடவை வந்தபோது அவர் சட்டையில் பால் வாடையும் கையில் ஒரு குழந்தையின் அரைஞாண் கயிறும் இருந்தன. மலைமேல் ஒரு மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. அவர் அங்கே இருந்தார். கீழே வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஜன்னி கண்டது. சேதி வந்தும் மாட்டைப் பாதியில் விட்டு வர மனசில்லை. அப்போது அவரிடம் வண்டியும் இல்லை. நடந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மாடு பிழைத்தது. கன்றும் பிழைத்தது.

"அந்த மாட்ட உட்டுட்டு வந்திருக்கணுமா சாமி? இது ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று அன்று கேட்டார்.

சாமி ஒரு சொம்பில் ஓடைத் தண்ணீர் மொண்டு வரச் சொன்னார். கலங்கலாக இருந்தது. அதை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"இருக்க இருக்கத் தெளியும்" என்றார்.

தாண்டவராயன் சொம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் தெளிந்தது. மோர் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். இனி எங்கேயும் பிந்திப் போகக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த வைராக்கியம். பழைய வண்டி ஒன்பது வருஷம் உழைத்துக் களைத்ததும், அதைக் கொடுத்துவிட்டு இந்தப் புது வண்டியை எடுத்தார்.

வாங்கிய பன்னிரண்டாம் நாள் மலைப்பாதையின் நாலாவது வளைவில் அது நின்றது. உதைத்தார், அழுத்தினார், தள்ளினார். அசையவில்லை. பத்து நிமிஷம் ஆறியதும், ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது.

டவுனில் வண்டி வாங்கிய ஷோரூமுக்குப் போனார். கண்ணாடிக் கதவு, ஜில்லென்ற காற்று, உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் சோபா. சர்வீஸ் மேனேஜர் தனசீலன் எழுந்து நின்று கும்பிட்டார். அப்படிக் கும்பிடுகிறவரிடம் கோபப்பட நமக்கெல்லாம் எங்கே வாய் வரும்?

"ஏத்தத்துல நின்னுடுதுங்க. சூடானா நிக்குது, ஆறினா ஓடுது."

"புது வண்டி சார். ஓட ஓட சரியாயிடும்."

தனசீலன் கம்ப்யூட்டரில் தட்டினார். ஜாப் கார்டு ஒன்று அச்சாகி வந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்துக் காட்டினார். தாண்டவராயன் போட்டார். படிக்கத் தெரியாதவர் அல்ல. படிக்கவில்லை.

மறுநாள் வண்டியைப் பளபளவென்று கழுவிக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் அது ஐந்தாவது வளைவில் நின்றது. ஒரு வளைவு கூடுதலாக ஏறியிருந்தது. அதுதான் சர்வீஸில் கண்ட பலன்.

வியாழக்கிழமை சாமியிடம் வந்தார்.

"கோவம் வருது சாமி."

"எதுக்கு?"

"நான் சொன்னத அவரு காதுல வாங்கின மாதிரியே தெரியல. எழுதிக்கிட்டாரான்னும் தெரியல."

"சொல்றது உங்க வேலை. சொன்னதுக்குப் பின்னாலயே ஓடாதீங்க" என்றார் சாமி. சொம்பு வந்தது. தண்ணீர் தெளிந்தது.

தாண்டவராயன் அதை அப்படியே மனசில் ஏற்றிக்கொண்டார். அதன் பிறகு ஷோரூமுக்குப் போகும்போதெல்லாம் ஒரே ஒரு தடவை சொல்வார். சொன்னதுக்குப் பின்னால் ஓடமாட்டார். இரண்டாம் தடவை பெட்ரோலில் கோளாறு என்றார்கள். மூன்றாம் தடவை, நீங்கள் கியர் மாற்றுகிற விதம் சரியில்லை சார் என்றார்கள். நாலாம் தடவை மூன்று நாள் நிறுத்தி வைத்து, மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டார், ஒரு குறையும் இல்லை என்றார்கள். எங்கே ஓட்டினார் என்று கேட்டதற்கு, ஷோரூமைச் சுற்றி என்றார்கள். ஷோரூமைச் சுற்றி மலை எதுவும் கிடையாது.

ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கொடுக்கும்போது தனசீலன் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"கம்பெனியிலருந்து போன் வரும் சார். பத்துக்குப் பத்துன்னு சொல்லிடுங்க. ஒரு மார்க் கொறைஞ்சாக்கூட எங்க பசங்க வேலை போயிடும்."

அடுத்தவன் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று தாண்டவராயன் பத்துக்குப் பத்து சொன்னார். அதைச் சாமியிடமும் சொன்னார். சாமி கண்ணை மூடிக்கொண்டு, "நல்லது" என்றார்.

ஐந்தாம் தடவை போய்வந்த மறு வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பலாக்காட்டுக் கொட்டாயிலிருந்து சின்னபாப்பா போன் செய்தாள். வீட்டுக்காரன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு மாடுதான்.

"கால் மட்டும் வெளிய தெரியுது டாக்டரே. தலையக் காணோம்."

"தலை திரும்பியிருக்கும். நீ இழுக்காத. வெந்நி வச்சு வை, அர மணி நேரத்துல வந்துடறேன்."

ஏழாவது வளைவில் வண்டி நின்றது. காத்திருந்து கிளப்பினார். எட்டாவதில் நின்றது. காத்திருந்தார். ஒன்பதாவதில் நின்றபோது அதை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பஸ் சாயங்காலம்தான். வேறு வண்டி எதுவும் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினார், பிறகு நடந்தார்.

போய்ச் சேர்ந்தபோது மாட்டின் கண் திறந்தே இருந்தது. ஈ மொய்த்தது. கன்றின் கால்கள் மட்டும் அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

சின்னபாப்பா திட்டவில்லை. அழவும் இல்லை. அடுப்பிலிருந்து வெந்நீர்க் குண்டானை இறக்கி எடுத்து வந்தாள். அவர் எதையுமே தொட்டிருக்கவில்லை. இருந்தும் கையை நீட்டச் சொல்லி ஊற்றினாள்.

"கழுவிக்கோங்க டாக்டரே. உங்களுக்குன்னுதான் வச்சேன்."

அந்த வெந்நீரின் சூடு கையை விட்டுப் போகவே இல்லை என்று பிற்பாடு அவர் சொல்வதுண்டு.

மறுநாள் புதன்கிழமை. மடத்தில் கூட்டம் இல்லை. தாண்டவராயன் வந்து நின்றார், உட்காரவில்லை.

"மாடு செத்துப்போச்சு சாமி."

"யாரோடது?"

"சின்னபாப்பாவோடது. கன்னும் போச்சு. வண்டி நின்னுடுச்சு."

சாமியின் கை பழக்கத்தில் சொம்பை நோக்கிப் போனது.

"தண்ணி வேணாம் சாமி" என்றார் தாண்டவராயன்.

சாமியின் கை பாதியில் நின்றது. பிறகு எழுந்தார்.

"வண்டி எங்க?"

"வெளியதான் நிக்குது. எறக்கத்துல ஒழுங்கா வந்துடுச்சு."

"வாங்க, போவோம்."

சாமி பின்னால் உட்கார்ந்து காவி வேட்டியை இழுத்து இடுக்கிக்கொண்டார். மடத்திலிருந்து டவுன் வரைக்கும் சமதளம். வண்டி ஒரு குறையும் வைக்காமல் போய்ச் சேர்ந்தது.

தனசீலன் சாமியைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். சோபாவில் உட்கார வைத்தார். காபி வந்தது.

"பாருங்க சாமி, உங்களையும் ஏத்திக்கிட்டு எவ்ளோ நல்லா வந்திருக்கு!"

"ஏத்தத்துலதான் நிக்குது" என்றார் தாண்டவராயன். "அஞ்சு தடவ சொல்லிட்டேன். நேத்து ஒரு மாடு செத்துடுச்சு. இந்த வண்டியக் கம்பெனிக்கே திருப்பி அனுப்புங்க."

தனசீலன் வருத்தமாகத் தலையசைத்தார். கம்ப்யூட்டர் திரையைத் தாண்டவராயன் பக்கம் திருப்பினார்.

"எப்படி அனுப்புவேன் சார்? ரெக்கார்டுல ஒண்ணுமே இல்லியே. இதப் பாருங்க, கஸ்டமர் சொன்ன குறைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? ஜெனரல் செக்கப். அடுத்தது, ஜெனரல் செக்கப். அஞ்சு தடவையும் ஜெனரல் செக்கப்தான். கீழ கையெழுத்து உங்களுது. பக்கத்துல பத்துக்குப் பத்து. கம்பெனியப் பொறுத்தவரைக்கும் உங்க வண்டி ஒரு நாள்கூட நிக்கல சார்."

தாண்டவராயன் திரையைப் பார்த்தார். எல்லாக் கையெழுத்தும் அவருடையதுதான்.

"ஏத்தத்துல நிக்குதுன்னு உங்ககிட்ட சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க சார். நான் இல்லேன்னு சொல்லவே இல்லியே."

"அப்பறம் ஏன் எழுதல?"

தனசீலன் சாமியின் பக்கம் திரும்பினார். பெரியவர்களுக்குப் புரியும் என்கிற மாதிரி பேசினார்.

"சாமி, ஒரு நாளைக்கு நாப்பது பேரு வர்றாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு குறை. அவங்கவங்க சொன்னத அப்படியே எழுதினா, அதுக்கு நான் பதில் சொல்லியாகணும். கம்பெனி கேள்வி கேக்கும். அதனால எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு எழுதிக்குவோம். கனிவா ரெண்டு வார்த்தை பேசுவோம், வண்டியக் கழுவிக் குடுப்போம், ஒரு காபி குடுப்போம். பாதிப் பேருக்கு அதுலயே மனசு ஆறிடும். மீதிப் பேரு வர்றதில்ல." பிறகு தாண்டவராயனின் தோளைத் தொட்டார். "பொறுமையா இருங்க சார். ஓட ஓட சரியாயிடும்."

சாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"இன்னிக்கு எழுதுங்க" என்றார் தாண்டவராயன். அவர் குரல் ஏறவில்லை. ஆனால் சோபாவில் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நான் சொல்றத சொல்ற மாதிரியே எழுதுங்க. ஏத்தத்துல நிக்குது. அதனால ஒரு மாடு செத்துச்சு. எழுதினாத்தான் போவேன்."

தனசீலன் அவரைப் பார்த்தார், காத்திருந்தவர்களைப் பார்த்தார், தட்டினார்.

"ஏத்தத்துல நிக்குதுன்னு போட்டுட்டேன் சார். மாட்டுக்குக் கட்டம் இல்ல."

கார்டு வந்தது. தாண்டவராயன் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். கையெழுத்துப் போட்டார். சாவியை மேஜைமேல் வைத்தார்.

"எப்போ சார் எடுத்துக்கறீங்க?"

"மலைமேல ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லியனுப்புங்க."

இருவரும் நடந்தே திரும்பினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வழக்கமாகச் சாமி முன்னால் போவார், தாண்டவராயன் இரண்டடி பின்னால் வருவார். அன்று தாண்டவராயன் முன்னால் போனார். அதை அவர் கவனிக்கவில்லை. சாமி கவனித்தார்.

பாலம் தாண்டியதும் தாண்டவராயன் நின்றார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பதினோரு வருசத்துக்கு முன்னால, மொத மொத உங்ககிட்ட வந்தன்னிக்கு, ஒண்ணு கேட்டேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னேன். என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்குதா?"

சாமி அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏதோ மன வருத்தத்துல வந்தீங்க."

"என்ன வருத்தம்?"

சாமி தலைகுனிந்தார். ரோட்டில் ஒரு லாரி வந்தது. இருவர்மீதும் புழுதியைக் கிளப்பிவிட்டுக் கடந்து போனது.

"ஜெனரல் செக்கப்புன்னு எழுதிக்கிட்டேன், தாண்டவராயன்."